சிப்பியின் மூச்சு

சிப்பி என்றவுடன் மன்னார்க் கடலும் முத்துக்குளிப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது முத்துச் சிப்பியன்று. அமெரிக்காவின் கீழைக்கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் உணவுக்காக வளர்க்கப்படும் சிப்பி. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு அசையாது கிடக்கும் இவ்வுயிரும் நீரிலிருந்து ஒட்சிசனை ஏற்று, உண்டதை எரித்து, உயிரைக் காக்கிறது. இத்தொழிலையே அனுசேபம் என்கிறோம்.

நம் உடலின் வெப்பம் கோடையிலும் மாரியிலும் ஏறத்தாழ ஒன்றே. சிப்பியின் வெப்பமோ அதனைச் சூழ்ந்த நீரின் வெப்பமேயாகும். நீர் 10 பாகை செல்சியஸ் சூடேறினால், அதன் ஒட்சிசன் தேவை ஏறக்குறைய இரட்டிக்கும். மாரியில் நீர் 5 பாகைக்குக் கீழே தணிந்தால், சிப்பி உண்பதை நிறுத்தி ஓட்டை மூடிக்கொள்ளும். உடலிலுள்ள சேமிப்பைச் சிறுகச் சிறுகச் செலவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும். கோடையில் அவ்வாறு மூடிக் கிடந்தால் நெடுநாள் தாங்காது.

இனி உடலின் பருமனைக் கவனிப்போம். பத்து மடங்கு எடையுள்ள சிப்பி பத்து மடங்கு ஒட்சிசனைக் கேட்பதில்லை. ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மடங்கே கேட்கும். ஆகவே, ஒரு கூடை குஞ்சுச் சிப்பிகள் அதே எடையுள்ள முதிர்ந்த சிப்பிகளிலும் கூடுதலான ஒட்சிசனை உட்கொள்ளும்.

இடர் எங்கே வருகிறது? சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். 10 பாகை நீரில் கரையக்கூடியதில் மூன்றில் இரண்டு பங்கே 30 பாகை நீரில் கரையும். அதே வேளையில் சிப்பியின் தேவையோ ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடுகிறது! போதாக்குறைக்கு, வயல்களிலும் நகரங்களிலுமிருந்து வடிந்து வரும் உரமும் கழிவும் விரிகுடாவில் பாசியைப் பெருக்குகின்றன. மடிந்த பாசி அழுகும்போது ஒட்சிசனை உறிஞ்சிவிடுவதால், கோடைதோறும் ஆழமான அடிநீரில் ஒட்சிசன் அற்ற பகுதிகள் தோன்றுகின்றன. மீன் விலகி ஓடலாம். ஒட்டிக் கிடக்கும் சிப்பி எங்கே போகும்? அளவுக்கு மிஞ்சிய அறுவடையாலும் நோயாலும் முன்பே அருகிவிட்ட இனத்துக்கு இது மேலும் ஒரு சுமை.

ஆதலின் சிப்பி வளர்ப்போர் கூடையின் எடையை மட்டும் கணக்கிட்டால் போதாது. குஞ்சுகளை நெருக்கமின்றி, நீரோட்டம் தடைப்படாத இடத்தில் இடவேண்டும். மாரியில் போதுமாயிருந்த இடம் கோடையில் போதுமா என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும். உலகின் கடல்கள் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் இக்கணக்கு செசபீக்குக்கு மட்டும் உரியதன்று.