கருவி மட்டும் மலையேறினால் போதாது

வைத்தியசாலையில் மாத்திரம் இருந்த மருத்துவக் கருவிகள் இன்று மனித உடலிலேயே குடியேறி வருகின்றன. 1958 இல் சுவீடனில் ஒருவரின் உடலினுள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கர் சில மணித்தியாலங்களே இயங்கியது. ஆயினும் அந்நோயாளி அடுத்தடுத்து மாற்றப்பட்ட கருவிகளின் துணையுடன் 2001 வரை வாழ்ந்தார். இன்றோ, கையில் ஒட்டிக்கொள்ளும் சிறிய உணரியொன்று இரு வாரங்கள் வரை உடலின் சீனியளவை அறிந்து கையடக்கத் தொலைபேசிக்கு அறிவிக்கின்றது.

பதுளை மாவட்டத்துத் தோட்ட மக்களுக்கு இவை ஆடம்பரப் பொருட்கள் அல்ல. மடூல்சீமையிலோ பூனாகலையிலோ லயத்தில் வாழும் தொழிலாளி, கிளினிக் செல்வதாயின் ஒருநாட் சம்பளத்தை இழக்க நேரிடுகின்றது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண்சரிவால் பாதைகள் துண்டிக்கப்பட்ட வேளையில், பணம் இருந்தும் பயணம் இயலவில்லை. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஓசையின்றி வளர்பவை. வீட்டிலேயே அவற்றை அளந்தறிய முடிந்தால் பக்கவாதத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் பெருமளவு தவிர்க்கலாம். ரமழானில் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளர், சீனியளவு ஆபத்தான மட்டத்துக்கு இறங்குவதை உரிய வேளையில் உணரவும் இவை உதவும்.

எனினும் சில உண்மைகளை நாம் மறத்தலாகாது. உணரி தீர்ந்ததும் புதியது வாங்கவேண்டும். அதன் விலை பல நாட் கூலிக்குச் சமம். விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் கருவி, கறுப்பின நோயாளரின் ஒட்சிசன் குறைபாட்டை வெள்ளையரிலும் ஏறத்தாழ மும்மடங்கு அதிகமாகத் தவறவிட்டதென 2020 இல் அமெரிக்க ஆய்வொன்று வெளிப்படுத்தியது. எனவே, வெயிலில் கறுத்த நம்மவர் விரல்களிலும் பரிசோதிக்கப்பட்ட கருவிகளையே கொள்வனவு செய்தல் வேண்டும்.

அனைத்துக்கும் மேலாக, கருவி எச்சரித்தால் பதிலளிப்பவர் யார்? எந்த மொழியில்? 2016 இல் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழைப்பதற்கும், எப்போது அழைக்கவேண்டுமென்பதைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஆதலால், வீடுதோறும் விலையுயர்ந்த கருவி என்று கனவு காண்பதை விட, ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் இரத்த அழுத்தமானிகளையும் சீனி அளவிகளையும் வைத்து, தேவையானோருக்கு முறைவைத்து இரவல் வழங்குவதே முதற்படியாகும். அவற்றின் பதிவுகளைப் பார்க்கப் பயிற்சி பெற்ற தமிழ் பேசும் சுகாதாரப் பணியாளரை நியமிப்பது சுகாதார அமைச்சினதும் ஊவா மாகாண நிருவாகத்தினதும் கடமையாகும். இலவச சுகாதார சேவை நம் நாட்டின் பெருமை. அது லயத்தின் வாசலையும் எட்டுதல் வேண்டும்.