காலில்லா அமீபா மூளையை எட்டுவது எப்படி?

கேரளத்தில் குளங்களிலும் தேங்கிய நீரிலும் குளித்தவர்களைத் தாக்கிய அமீபிக் மூளைக்காய்ச்சல், நாடு முழுவதும் கவலையை எழுப்பியது. இந்நோய்க்கு முதன்மைக் காரணமான ‘நெக்லேரியா ஃபௌலேரி’ ஒரே செல்லால் ஆன உயிரி. காலோ துடுப்போ இல்லாத இது இடம்பெயர்வது எவ்வாறு?

அமீபாவின் உடலுக்குள் ஆக்டின் என்னும் புரத இழைகள் உள்ளன. செல்லின் ஒரு பக்கத்தில் இந்த இழைகள் வேகமாக வளர்ந்து சவ்வை வெளியே தள்ளுகின்றன. மறுபக்கத்தில் மயோசின் என்னும் புரதம் இழைகளை இழுத்துச் சுருக்குகிறது; உள்ளிருக்கும் திரவம் முன்னோக்கிப் பாய்கிறது. இவ்வாறு புடைத்தெழும் பகுதியே போலிக்கால். நமது தசைகள் சுருங்குவதும் இதே இரு புரதங்களால்தான். ஆனால், போலிக்கால் ஊர்வதற்கு ஏதேனும் ஒரு பரப்பு தேவை. சேறு, பாசி, குளத்தின் சுவர் என எதுவாயினும் போதும்.

திறந்த நீரில் நிலைமை வேறு. இத்தனை சிறிய உயிரிக்கு நீர், தேனைப் போன்ற பிசுபிசுப்பான ஊடகம். பாக்டீரியா அளவிலான உயிரி நீந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலத்தைக்கூடக் கடக்காமல் நின்றுவிடும் என அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்டு பர்செல் 1977-இல் விளக்கினார். முன்னும் பின்னும் ஒரே விதமாக அசைப்பதால் அங்கு பயனில்லை. சென்ற தூரமெல்லாம் திரும்பிவிடும். அலைபோல் வளைந்து செல்லும் கசையிழையே உதவும்.

நெக்லேரியா இதற்கும் வழி வைத்திருக்கிறது. சுற்றிலும் உணவு குறைந்தால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இரு கசையிழைகளைப் புதிதாக உருவாக்கி நீந்தத் தொடங்குகிறது. ஊரும் வடிவில் அதற்குக் கசையிழையின் சுவடே இருப்பதில்லை என்பது வியப்புக்குரியது.

மனிதரைத் தாக்குவது ஊரும் வடிவமே. மூக்கினுள் நீர் புகும்போது உடன் நுழையும் அமீபா, நுகர்ச்சி நரம்பைப் பற்றி ஊர்ந்து, சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக மூளையை அடைகிறது. அந்நீரைக் குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதுமில்லை. எனினும், பாதிக்கப்பட்டோரில் உலக அளவில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். 2024-இல் கேரளத்தில் 14 வயதுச் சிறுவன் குணமடைந்தது அரிய நிகழ்வு. நோய் விரைவாகக் கண்டறியப்பட்டது அதற்குப் பெரிதும் உதவியது.

வெதுவெதுப்பான நன்னீரில் இது செழிக்கும். உப்பு மிகுந்த கடல்நீரில் வாழாது. நீச்சல் குளங்களில் போதிய அளவு குளோரின் இடுவதும், குளத்தில் மூழ்கும்போது மூக்குக் கவ்வி அணிவதும், மூக்கைக் கழுவக் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்துவதும் மருத்துவர்கள் கூறும் தடுப்பு வழிகள். குளித்த சில நாள்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் தோன்றினால், நீரில் இறங்கிய விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே கூற வேண்டும்.