கல் பதித்தல்

கல் பதித்தல் என்பது பொன், வெள்ளி முதலிய உலோகங்களாலான அணிகலன்களில் மணிக்கற்களை அசையாதவாறு பொருத்தும் தொழில்நுட்பம் ஆகும். இதில் மூடிய பதிப்பு, திறந்த பதிப்பு என இரு முறைகள் உள்ளன.

மூடிய பதிப்பு

பின்புறம் அடைபட்ட குழியில் அரக்கை நிரப்பி, அதன்மேல் பளபளப்பான மெல்லிய தகட்டை இட்டுக் கல்லை வைப்பர். பின்னர் தூய பொன்தகட்டைக் கல்லின் விளிம்பைச் சுற்றி அழுத்தி இறுக்குவர். இது குந்தன வேலை எனப்படும். பட்டை தீட்டாத கல் ஒளியைக் குறைவாகவே திருப்பும். அடித்தகடு அக்குறையை ஈடுசெய்கின்றது. ஆயினும் நீர் புகுந்தால் தகடு மங்கும். சூடு பட்டால் அரக்கு இளகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் போன்ற தென்தமிழகக் கோயில்களில், விழாக்காலங்களில் உற்சவத் திருமேனிகளுக்குக் கல் இழைத்த நகைகள் சாத்தப்படுகின்றன. இவ்வகை நகைகளுக்கு நாகர்கோவிலிலுள்ள வடசேரி பெயர்பெற்றது. வெள்ளியில் சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்துப் பொன்தகடு போர்த்தும் இந்நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பரதநாட்டியக் கலைஞரும் இவற்றை அணிகின்றனர்.

திறந்த பதிப்பு

இம்முறையில் கல்லின் பின்புறம் திறந்திருக்கும். உலோகக் கொக்கிகளோ விளிம்புப் பட்டையோ கல்லைப் பற்றிக்கொள்ளும். பட்டை தீட்டிய வைரத்திற்கு இது ஏற்றது. பின்புறத்தில் படியும் எண்ணெயும் அழுக்கும் வைரத்தின் ஒளியைக் குறைக்கும். திறந்திருப்பதால் அவற்றை எளிதில் நீக்கலாம்.

எடையும் தரமும்

மூடிய பதிப்பு நகையின் மொத்த எடையில் கல்லும் அரக்கும் அடங்கும். எனவே பொன்னின் நிகர எடையைத் தனியே அறிதல் வேண்டும். 2021 இல் இந்தியாவின் பல மாவட்டங்களில் பொன் நகைகளுக்குத் தரமுத்திரை கட்டாயமாக்கப்பட்டபோது, குந்தன நகைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே இவற்றை வாங்குவோர் பொன்னின் தரத்தையும் நிகர எடையையும் விலைச்சீட்டில் எழுதிப் பெறுதல் நன்று.