மூன்று தேக்கரண்டி எண்ணெயில் மொறுமொறு வறுவல்!

சந்தைக்கு வெண்டைக்காய் வரத்து கூடி விலை இறங்கும் வாரங்களில், பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிடும் விவசாயிகள் உண்டு. அதே வாரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பெட்டிக்கடையில் 10 ரூபாய் கொடுத்து வறுவல் பொட்டலம் வாங்குகிறார்கள். நாளுக்கு ஒரு பொட்டலம் என்றாலும் ஒரு பிள்ளைக்கு மாதம் 300 ரூபாய். இரண்டு பிள்ளைகள் இருந்தால் 600 ரூபாய். காய் வயலில் முற்றிக்கொண்டிருக்க, உப்பையும் எண்ணெயையும் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருகிறோம்.

‘வீட்டில் செய்தால் கடையில் விற்பது மாதிரி வராது, சீக்கிரம் நமுத்துவிடும், எண்ணெயும் நிறையக் குடிக்கும்’ என்று பல பெண்கள் சொல்வது உண்மைதான். இந்த இரண்டு குறைக்கும் முக்கியக் காரணம் காயில் இருக்கும் ஈரம். அதைச் சரியாகக் கையாளத் தெரிந்துகொண்டால், தோசைக்கல்லிலேயே மொறுமொறுப்பான வறுவல் செய்துவிடலாம்.

ஈரம் போனால் மொறுமொறுப்பு

உருளைக்கிழங்கின் எடையில் 100-க்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர்தான். வெண்டை, பாகல் போன்ற காய்களில் இது ஏறக்குறைய 90 பங்கு. சூடு படும்போது மேற்பரப்பில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது. மாவுச்சத்து இறுகி ஓடுபோல ஆகிறது. அந்த ஓடுதான் மொறுமொறுப்பு. மாவுச்சத்து அதிகமுள்ள சேனை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, வாழைக்காய் ஆகியவற்றில் இந்த ஓடு தானாகவே அமைந்துவிடும். வெண்டை, பாகல் போன்ற நீர்ச்சத்துக் காய்களுக்கு மேலே கொஞ்சம் மாவு தூவ வேண்டும்.

எண்ணெயில் பொரிக்கும்போது தண்ணீர் வெளியேறிய இடத்தில் எண்ணெய் போய்ச் சேருகிறது. அதில் பெரும்பகுதி, வறுவலை வெளியே எடுத்து ஆறவிடும் நேரத்தில்தான் உள்ளே இறங்குகிறது. ஆகவே, பொரித்தால் வாணலிக்கு மேலேயே அரிகரண்டியை நன்றாக உதறி, சூட்டோடு எண்ணெயை வடிக்க வேண்டும். துண்டின் பருமனும் முக்கியம். மெல்லிய உருளை சிப்ஸின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கும். விரல் பருமனுக்கு வெட்டிய துண்டு, சிப்ஸைவிட மிகக் குறைவாகவே எண்ணெய் குடிக்கும்.

கல்லில் சேனை, சர்க்கரைவள்ளி வறுவல்

தேவையானவை: தோல் சீவிய சேனை அல்லது சர்க்கரைவள்ளி அரை கிலோ, பச்சரிசி மாவு 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 3 தேக்கரண்டி, மிளகுத்தூள், சீரகத்தூள், மஞ்சள்தூள், உப்பு.

கிழங்கை ஒரு சென்டிமீட்டர் பருமனில், விரல் நீளத்துக்கு ஒரே சீராக வெட்டவும். பெரியதும் சிறியதுமாக இருந்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும். சர்க்கரைவள்ளியை மூன்று, நான்கு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். சேனையை மஞ்சள்தூளும் கொஞ்சம் புளிக்கரைசலும் சேர்த்த தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு வடிக்கவும். சேனையின் அரிப்புக்குக் காரணம் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் துகள்கள். புளி அதை மட்டுப்படுத்தும். வெட்டும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் நல்லது.

வடித்த துண்டுகளைப் பருத்தித் துணியில் பரப்பி, அரை மணி நேரம் காற்றாட விடவும். அவசரத்தில் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொட்டுப் பார்த்தால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. பிறகு அரிசி மாவு, தூள் வகைகள், 2 தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசிறவும்.

இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, மிதமான தீயில் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பவும். நெருக்கி அடுக்கினால் ஆவி வெளியேற வழியில்லாமல் அவிந்துபோகும். மூடி போடக் கூடாது. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிவிட்டு, மீதி ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஓரங்களில் விடவும். 15 முதல் 20 நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும். உப்பை இறக்கும்போது தூவினால் போதும். முன்னதாகப் போட்டால் அது காயிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும்.

3 தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 125 கலோரி. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 30-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

வெண்டைக்கு மாவுப் பூச்சு

வெண்டையை நறுக்கும் முன்பே கழுவி, துணியால் துடைத்துவிட வேண்டும். நறுக்கிய பின் தண்ணீர் பட்டால் வழவழப்பு கூடிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கும் பிஞ்சுக் காய்தான் ஏற்றது. நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். கால் கிலோ வெண்டையை நீளவாக்கில் நான்காகக் கீறி, 2 மேசைக்கரண்டி கடலை மாவு, 1 மேசைக்கரண்டி அரிசி மாவு, மிளகாய்த்தூள், 2 தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசிறி, கல்லில் போட்டு எடுக்கலாம். தண்ணீர் தெளிக்க வேண்டாம். காயின் பசையே மாவைப் பிடித்துக்கொள்ளும்.

பாகற்காயை வட்டமாக நறுக்கி உப்புப் பிசிறி, 20 நிமிடம் கழித்துப் பிழிந்து, அரை நாள் வெயிலில் வாட்டிய பிறகு இதேபோலச் செய்யலாம். விளைச்சல் மிகுந்த மாதத்தில் பாகல், கொத்தவரை, சுண்டைக்காயை வற்றலாகக் காயவைப்பது நம் வீடுகளில் இருந்துவரும் பழக்கம்தானே! கையால் ஒடித்தால் உடையும் பதத்துக்குக் காய்ந்திருந்தால்தான் பூஞ்சணம் பிடிக்காது.

இவற்றில் கவனம் தேவை

மரவள்ளி: இதில் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் இயற்கையாகவே உண்டு. தோலில் அது அதிகம். வெளித்தோலோடு உள்பட்டையையும் முழுவதும் நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மாட்டுக்கும் வைக்கக் கூடாது. சவ்வரிசி ஆலைக்கென்று பயிரிடும் கசப்பு ரகங்களை வறுவலுக்கு எடுக்கவே வேண்டாம்.

நிறம்: மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரி செல்சியசுக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாவதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்டார்கள். இது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. வறுவல் கருக்கக் கருக்க இதன் அளவும் கூடும். பொன்னிறத்தில் இறக்கிவிட வேண்டும். கருகிய துண்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. வறுவலுக்கான உருளைக்கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்தால் அதில் சர்க்கரை கூடி, சீக்கிரம் கருகும். இருட்டான, காற்றோட்டமான இடமே போதும்.

பழைய எண்ணெய்: எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் ‘துருவப் பொருட்கள்’ 25 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுப்பாகி, சீக்கிரமே புகைந்தால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். கல்லில் செய்யும் வறுவலில் எண்ணெய் மிஞ்சுவதே இல்லை.

மருந்து தெளித்த காய்: பூச்சிமருந்துக் கலத்தில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடியாமல் பறித்த காயை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. வீட்டுக்கென்று இரண்டு பாத்தி வெண்டையும் பாகலும் மருந்தில்லாமல் விட்டு வைப்பது நல்ல ஏற்பாடு.

அடிக்கடி எழும் கேள்விகள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கிழங்கு வறுவலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் குறைந்தாலும் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. மாவைக் குறைத்துச் செய்த வெண்டை, பாகல் வறுவல் அவர்களுக்கு ஏற்றது.

எவ்வளவு நேரம் மொறுமொறுப்பாக இருக்கும்?

விரல் பருமன் துண்டின் உள்ளே ஈரம் இருப்பதால் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. நமுத்துப்போனால் காய்ந்த கல்லில் இரண்டு நிமிடம் புரட்டி எடுக்கலாம். டப்பாவில் அடைத்து வைக்க இது ஏற்றதல்ல. அதற்கு வற்றல்தான் சரி.

எந்த ரகம் நன்றாக இருக்கும்?

சேனையில் அரிப்புக் குறைந்த ‘கஜேந்திரா’, ‘ஸ்ரீபத்மா’ ஆகிய ரகங்கள் வறுவலுக்கு ஏற்றவை. சர்க்கரைவள்ளியில் ஆரஞ்சு நிறச் சதையுள்ள ‘பூ சோனா’வில் உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் மிகுதி. கிழங்கு வகைகளுக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கிவருகிறது. சர்க்கரைவள்ளியைத் தோண்டிய சில நாட்களுக்குள் செய்தால் மொறுமொறுப்பு நன்றாக வரும். நாளாக ஆக இனிப்பு கூடி, சீக்கிரம் சிவந்துவிடும்.

விற்பனைக்குச் செய்யலாமா?

செய்யலாம். சுயஉதவிக் குழுவினர் வற்றல் வகைகளில் தொடங்குவது எளிது; கெடாமல் இருக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். பயிற்சிக்குத் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும், அந்தந்த மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். முதலில் வீட்டில் நான்கைந்து முறை செய்து, பதம் கைக்கு வந்த பிறகு விற்பனையை யோசிப்பதே நல்லது.