கல்லும் குழையும்!

கல் வளையுமா?

"இது என்ன கேள்வி?" என்று சிரிப்பீர்கள். உளியால் அடித்தால் கல் உடையும். வெடி வைத்தால் பிளக்கும். வளைந்த கல்லை யார் பார்த்தது?

நீங்களே பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலிக்கும் வீட்டுப் படிக்கும் போட்டிருக்கும் கருங்கற்களை உற்றுப் பாருங்கள். பல கற்களில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் ஓடும். சில கற்களில் அந்த வரி நேராக ஓடாது. மடித்து வைத்த புடவையின் கரை போல வளைந்து, திரும்பி, மறுபடியும் வளைந்து செல்லும்.

வரி மடிந்திருக்கிறது. ஆனால் மடிந்த இடத்தில் விரிசல் இல்லை!

அந்தக் கல் ஒரு காலத்தில் பிசைந்த மாவைப் போலக் குழைந்தது. உருகி ஓடவில்லை. கல்லாக இருந்தபடியே குழைந்தது.

சவ்வு மிட்டாய்

திருவிழாக் கடையில் சவ்வு மிட்டாய் வாங்குகிறோம். மெதுவாக இழுத்தால் நீள்கிறது. ஆறிப் போன மிட்டாயைச் சட்டென்று தட்டினால் துண்டாகிறது. பொருள் ஒன்றுதான். சூடும் நேரமும் வேறு.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 டிகிரி என்பது பொதுக் கணக்கு. மேலே உள்ள பாறையின் பாரமும் கூடிக்கொண்டே போகும். நாலா பக்கமும் நெருக்குவதால் கல்லுக்கு வெடித்துப் பிளக்க இடம் கிடைப்பதில்லை. சூடு அதை இளக்குகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் தள்ளிக்கொண்டே இருந்தால், கல் வேறு வழியின்றி வளைந்து கொடுக்கிறது.

கல்லுக்குள் என்ன நடக்கிறது? பெரிய ஜமக்காளத்தை நாலு விரற்கடை நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் இழுத்தால் அசையாது. ஓர் ஓரத்தில் சிறு மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பை மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டு போனால் ஜமக்காளம் இடம் மாறிவிடும். கல்லிலுள்ள படிகங்களில் அணுக்கள் இப்படித்தான் நகர்கின்றன. ஒரே சமயத்தில் அல்ல, வரிசை வரிசையாக.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் நகரில் கார்மன் என்ற விஞ்ஞானி, 1911-ல் வெளியிட்ட சோதனை புகழ் பெற்றது. பின்னாளில் விமான விஞ்ஞானத்தில் பெரும் பெயர் எடுத்தாரே, அவரேதான். சலவைக்கல் துண்டு ஒன்றைச் சுற்றிலும் திரவத்தால் நெருக்கிக்கொண்டு, மேலிருந்து அழுத்தினார். சாதாரணமாக நொறுங்கிப் போகும் கல், நொறுங்காமல் நடுவில் பருத்துப் பீப்பாய் போல் ஆயிற்று!

கல்லறைக் கல்

தமிழ்நாட்டின் கருங்கல்லுக்கு உலகப் புகழ் வந்த கதை வேடிக்கையானது.

கல்கத்தாவில் பரிசுத்த யோவான் மாதாகோவிலில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வர்த்தகரின் கல்லறை இருக்கிறது. பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட், கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்தார். அது வங்காளத்துக் கல் அல்ல. நம் சென்னைப் பக்கம், பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிக் கல் என்று கண்டார். 1893-ல் அந்த வகைக்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். கல் நம்முடையது, பெயர் கல்லறைக்காரருடையது!

திருவண்ணாமலை மாவட்டத்திலும், ஜவ்வாது மலையிலும் இந்தக் கல் ஏராளம். பூமிக்கடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரிச் சூட்டில் பக்குவமான கல் இது. வட தமிழ்நாட்டில் இதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. இமயமலை எழத் தொடங்கி 5 கோடி ஆண்டுதான் ஆகிறது.

அக்கினித் தலம் என்பதால் அண்ணாமலையை அணைந்துபோன எரிமலை என்று சொல்வோர் உண்டு. இந்த வட்டாரத்துப் பாறை எரிமலை கக்கிய குழம்பு அல்ல. ஆழத்தில் வெந்து, நெரிந்து, பிறகு மேலே வந்தது. மேலே இருந்த பாரத்தை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கொண்டுபோயின. சரக்கு இறக்கிய படகு மிதந்து எழுவது போல, அடியில் கிடந்தது எழுந்தது.

தஞ்சாவூர்க்காரர்

இந்தியா முழுவதும் பாறைகள் எந்தெந்தத் திசையில் மடிந்திருக்கின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தவர்களில் முன்னிற்பவர் ஒரு தமிழர். டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன்.

1898-ல் தஞ்சையில் பிறந்தார். தஞ்சைச் சமவெளி வண்டல் பூமி. பெரிய கோவிலுக்கே வெளியிலிருந்துதான் கல் வந்தது. அந்த மண்ணிலிருந்து இந்தியாவின் கல்லைப் படிக்க ஒருவர் கிளம்பினார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, பிறகு லண்டன். 1924-ல் பூகர்ப்ப இலாகாவில் சேர்ந்தார். 1851-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய இலாகா அது. சரியாக 100 ஆண்டு கழித்து, 1951-ல், அதன் முதல் இந்தியத் தலைவரானார் கிருஷ்ணன்.

அந்த வேலைக்குக் கருவி அதிகம் இல்லை. சுத்தியல், திசைகாட்டி, சாய்வு பார்க்கும் கருவி, நோட்டுப் புத்தகம். பாறை தெரியும் இடமெல்லாம் நிற்க வேண்டும். வரி எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று குறிக்க வேண்டும். ஒரு குறிப்பால் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் படம் தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் மடிப்பு ஒரு திசை. தார்வார்ப் பாறைகளின் மடிப்பு வேறு திசை. ஆரவல்லி, சாத்பூரா வேறு. பூமி எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து நெருக்கியது என்பதற்கு அவைதாம் சாட்சி. இந்தச் சாட்சிகளைக் கோத்து 1953-ல் அவர் எழுதிய ஆய்வு வெளிவந்தது. 1943-ல் வந்த அவருடைய இந்தியா, பர்மா நிலவியல் நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாயிற்று.

சேலம் பக்கத்து இரும்புத் தாதையும் அவர் ஆராய்ந்தார். அங்கே கஞ்சமலையில் இரும்புப் பாறை, மலையைச் சுற்றி வளையம் போல் ஓடுகிறது. எல்லாப் பக்கமும் உள்நோக்கிச் சாய்கிறது. மொத்தத்தில் ஒரு பெரிய கிண்ணம். இரும்பும் கல்லும் சேர்ந்து கிண்ணமாக மடிந்திருக்கின்றன!

திருவண்ணாமலைக்கு அருகில் கவுத்தி மலை, வேடியப்பன் மலையிலும் இப்படி இரும்புப் பட்டைகள் உண்டு. 2000-க்குப் பிறகு அவற்றைத் தோண்டத் திட்டம் வந்தபோது, கூடாது என்று சுற்றுவட்டார மக்கள் போராடினார்கள்.

1961-ல் ஹைதராபாத்தில் தேசிய பூபௌதிக ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதற்கு முதல் தலைவரும் கிருஷ்ணனே. சுத்தியல் எட்டாத ஆழத்தைப் பூகம்ப அலைகளாலும், காந்தத்தாலும், ஈர்ப்பு விசையாலும் அறியும் நிலையம் அது. 1970-ல் அவர் காலமானார்.

குழையாத கல்

ஆழத்திலே குழையும் கல்லால் யாருக்கும் ஆபத்தில்லை. மேலே, குளிர்ந்திருக்கும் கல்தான் ஆபத்து. அது வளையத் தெரியாமல் வெடிக்கும்.

இதைக் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் நன்றாக அறிவார்கள். பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் அங்கே ஏராளம். சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மனிதனுக்கு அது தாங்காத சூடு. கல் குழைய அது போதாது. தாதை வெட்டி எடுத்ததும் ஒரு பக்கம் காலியாகும். அதுவரை நெருக்குண்டிருந்த பாறை, அந்தப் பக்கமாகப் பீரங்கி போல் வெடித்துச் சிதறும். மேலே ஊரில் வீடுகள் அதிரும். கீழே இருந்தவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. பாறையின் போக்கை ஆராயும் தேசிய நிலையம் ஒன்று 1988-ல் அங்கேயே தொடங்கியது.

தக்காணப் பாறை பழையது, கெட்டியானது, அசையாது என்று வெகு நாள் நம்பியிருந்தார்கள். 1967 டிசம்பர் 11 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தில் கொய்னா பூகம்பம் வந்தது. ஏறக்குறைய 200 பேர் மாண்டார்கள். அணையில் தேங்கிய நீர், ஏற்கெனவே நெருக்கத்தில் இருந்த பாறையைத் தூண்டிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஹைதராபாத் நிலையத்தார் அந்த இடத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

மேலே நின்று கேட்டது போதாது என்று, பாறை உடையும் இடத்துக்கே கருவியை இறக்க முடிவாயிற்று. 2017-ல் கொய்னாவில் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, கல்லை வெளியே எடுத்துப் பார்த்தார்கள்.