காற்றோட்ட எண் சொல்வது என்ன?

எஞ்சினுக்குள் புகும் காற்று, சிலிண்டர் ஹெட்டில் உள்ள வழிகளின் ஊடேதான் செல்கிறது. அவ்வழிகளைக் குடைந்து சீராக்கும் பட்டறைகள் அமெரிக்காவில் பல உண்டு. நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று செல்கிறது என்று சோதனை மேடையில் அளந்து காட்டுவது அவற்றின் வழக்கம்.

ஒரு பட்டறை 240 என்கிறது. மற்றொன்று 150 என்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? சற்றுப் பொறுங்கள்! எந்த அழுத்த வேறுபாட்டில் அளந்தார்கள்? முதலாவது 28 அங்குல நீர் அழுத்தத்திலும் இரண்டாவது 10 அங்குலத்திலும் அளந்திருந்தால் கணக்கே வேறு. காற்றோட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2.8-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.67. அதனால் 150-ஐப் பெருக்கினால் 250! வால்வுத் திறப்பு சமமாயின், சிறிய எண்ணே வெல்கிறது.

திறப்பையும் கேளுங்கள். வால்வை 0.45 அங்குலமே தூக்கும் கேம் தண்டுக்கு, 0.6 அங்குலத்தில் அளந்த எண் உதவாது. வழியை அளவுமீறி அகலப்படுத்தினாலும் எண் உயரலாம். ஆனால் அதில் காற்றின் வேகம் தளரும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இழுவை குறையும்.

குடைந்தெடுத்த உலோகம் திரும்ப வராது. ஆகவே, வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே மேடையில், பல திறப்புகளில் அளந்த அட்டவணையைத் தரும் பட்டறையையே நாடுங்கள்.