புதுச்சேரி சட்டமன்றத்தால் என்ன செய்ய முடியும்? பாலியல் தொழிலும் குற்றநீக்கமும்



பாலியல் தொழில் சட்டப்படி குற்றமா என்று கேட்டால் நம்மில் பலரும் ஆம் என்போம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956இல் இயற்றி 1986இல் திருத்திய ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் (காவல் நிலையப் பேச்சில் ‘விபச்சாரத் தடுப்புச் சட்டம்’), வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தில் தனியாக இத்தொழில் செய்வதைக் குற்றமென்று எங்கும் கூறவில்லை. அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் குற்றமாக்கியிருக்கிறது. பிரிவு 8இன்படி பொது இடத்தில் அழைப்பது குற்றம். பிரிவு 7இன்படி கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வது குற்றம். புதுச்சேரி நகர வரைபடத்தில் ஒவ்வொரு கோயிலையும் பள்ளியையும் சுற்றி அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். கடலைத் தவிர அதிகம் மிஞ்சாது. பிரிவு 4இன்படி, 18 வயது கடந்த மகன் தெரிந்தே தாயின் இந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிட்டால் அவனும் குற்றவாளி. பிரிவு 20 நடுவருக்கு அவளை ஊரைவிட்டே வெளியேற்றும் அதிகாரம் தருகிறது. ஊர்விலக்கம் என்றால் என்னவென்று சேரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2022 மே 19இல் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவோடு எல்லாம் மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அன்று நீதிமன்றம் கட்டாயமாக்கியவை முக்கியமானவை: வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மருத்துவ, சட்ட உதவி, ஆணுறையைக் குற்றச் சான்றாகக் கொள்ளாமை, விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் அடைபட்ட வயதுவந்த பெண்களைக் கண்டறிந்து விடுவித்தல், சோதனைச் செய்தியில் அடையாளத்தை வெளியிடாமை. ‘அழகிகள் மீட்பு’ என்று தலைப்புப் போடும் நாளிதழ்கள் கடைசி வரியை இன்னும் படிக்கவில்லை போலும். ஆனால், விடுதிச் சோதனையில் தொழிலாளியைக் கைது செய்யக் கூடாது என்ற பரிந்துரையை ஒன்றிய அரசு ஆட்சேபித்தது. அதன்மேல் நீதிமன்றம் அரசின் பதிலைக் கேட்டதே தவிர, கட்டளை இடவில்லை.

அப்படியானால் நம் சட்டமன்றம்? 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசாங்கச் சட்டப்படி மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் புதுவைச் சட்டமன்றம் சட்டம் இயற்றலாம். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்பட்டால், துணைநிலை ஆளுநர் மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி அனுப்ப வேண்டும். ஒப்புதல் கிடைத்தால்தான் அது செல்லும். இன்னொரு முடிச்சும் உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் 1950ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையை நிறைவேற்ற வந்ததாகத் தன் முகவுரையிலேயே கூறுகிறது. பன்னாட்டு உடன்படிக்கைகளை நிறைவேற்றுவது ஒன்றியத்தின் அதிகாரம் என்ற வாதம் உடனே எழும். முழுக் குற்றநீக்கச் சட்டம் இந்த வழியாக விரைவில் வரும் என்று நாம் நம்பவில்லை.

ஆயினும் அந்த உடன்படிக்கையைப் படித்தால் ஒன்று புரியும். அது தண்டிக்கச் சொல்வது தரகரையும் விடுதி நடத்துபவரையும்; தொழில் செய்யும் பெண்ணை அல்ல. அவளைத் தனிப் பதிவேட்டில் சேர்க்கும் சட்டங்களை ஒழிக்கவும் சொல்கிறது. ஆகவே 7, 8, 20 ஆகிய பிரிவுகளிலிருந்து தொழிலாளியை மட்டும் விடுவிக்கும் குறுகிய மசோதாவுக்கு வாதிட இடம் இருக்கிறது. உரிமம், அட்டை, கட்டாய மருத்துவப் பரிசோதனை என்று வரும் ‘சட்டபூர்வமாக்கல்’ வேறு, குற்றநீக்கம் வேறு. நியூசிலாந்து 2003இல் செய்தது இரண்டாவதற்கு நெருக்கமானது. பிரான்ஸ் 2016இல் அழைத்தலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, வாங்குபவரைத் தண்டிக்கத் தொடங்கியது. பிரெஞ்சு நிழல் விலகாத இந்த ஊரில் அதைச் சிலர் பரிந்துரைக்கக்கூடும். தண்டனைக்கு அஞ்சும் வாடிக்கையாளர் மறைவிடம் கேட்பார். மறைவிடத்தின் ஆபத்து அவளுடையது.

நம் இயக்கத்துக்குள்ளிருந்தே எழும் கேள்வி இதைவிடக் கடினமானது. 1936 ஜூனில் மும்பை தாமோதர் அரங்கில் காமாத்திபுரத்துப் பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் பேசினார். அந்த வாழ்வை விட்டு வெளியேறச் சொன்னார். தேவதாசி, ஜோகினி, மாத்தம்மா என்று கடவுளின் பெயரால் தலித் பெண்ணுடல் பொதுச்சொத்தாக்கப்பட்ட வரலாறு நமக்குப் பின்னால் நிற்கிறது. இதை ‘வேலை’ என்பது சாதிக்குச் சான்றிதழ் தருவதாகாதா?

சாதி ஒதுக்கிய வேலையை நாம் கொண்டாடவில்லை. மலக்குழிக்குள் இறக்குவதைத் தடைசெய்யப் போராடிய நாம், இறங்கியவரைச் சிறையிலடைக்கச் சொல்லவில்லை. இறக்கியவரைத்தான் தண்டிக்கச் சொன்னோம். அண்ணல் பேசியதும் அந்தப் பெண்களிடம். காவல் நிலையத்திடம் அல்ல. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணைத் தேவதாசியாக அர்ப்பணிப்பதை வன்கொடுமையாக்கிய 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இருக்கிறது. கடத்தலுக்கும் சிறார் சுரண்டலுக்கும் தண்டனை இருக்கிறது. குற்றநீக்கம் இவற்றில் எதையும் தொடாது.

மசோதாவுக்குக் காத்திராமல் அரசு செய்யக்கூடியதும் உண்டு. பிரிவு 13, சிறப்புக் காவல் அதிகாரியோடு ஐந்து பேருக்கு மிகாத அலுவல்சாராத ஆலோசனைக் குழுவை இணைக்க இடம் தருகிறது. அக்குழுவில் தலித் பெண்கள் அமைப்பினரும் திருநங்கையரும் இடம்பெறக் கோரலாம். ‘மீட்கப்பட்ட’ வயதுவந்த பெண்ணைப் பிரிவு 17இன்கீழ் ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை காப்பகத்தில் வைக்க நடுவர் உத்தரவிடலாம். அப்படி இன்று எத்தனை பேர் அவர்கள் விருப்பமின்றி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு மனு போதும். மாணவர்கள் அதை இந்த வாரமே எழுதலாம்.